கண்ணினுள் ஒரு வாசல்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம்மை இன்று பேசப் பணித்த செயலாளர் அவர்கள் ஒரு நிபந்தனையையும் சேர்த்தே பணித்தார். "பொருள் உமது விருப்பம். ஆனால் கேட்பவர்களில் ஒருவராவது வீட்டுக்குப் போய் அதன்படி ஒரு காரியம் செய்ய வேண்டும்" என்றார். வைத்தியம் படிக்கும் மாணவனிடம் எலும்பும் நரம்பும் குருதிக் குழாயும் தவிர வேறு சரக்கு ஏது? ஆகையால் ஒரு நரம்பைப் பற்றியும், அதனோடு ஒட்டிவரும் சில குருதிக் குழாய்களைப் பற்றியும் பேசத் துணிந்தோம். அது பார்வை நரம்பு. அதிலும், அந்த நரம்பு கண்ணைவிட்டுப் புறப்படும் சிறு வட்டத்தைப் பற்றி மட்டுமே பேசப் போகிறோம். அதன் குறுக்களவு சாதாரணமாக இரண்டு மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. ஒரு கடுகளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடுகளவான இடத்துக்கு ஒரு சொற்பொழிவா என்று கேட்பீர்கள். அந்தக் கடுகை உரிய காலத்தில் சரிவரப் பாராமல் விட்டதனால் நமது அப்பாயி இன்று பார்வையிழந்து வாசற்படியில் அமர்ந்திருக்கிறார். இந்தப் பேச்சுக்குக் காரணம் அதுவே.

அப்பாயி பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். ஏறாத மலை இல்லை. தாண்டாத கான் இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு நாள் தெரிந்த பாதையிலேயே கானுக்குள் கால் தவறி விழுந்தார். பிறகு லயத்து வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டார். பக்கத்தில் வைத்த தேநீர்க் கோப்பையைக் கை தட்டிவிட்டது. கேட்டால், "வயசு போனா அப்படித்தான் ராசா" என்பார். நேரே பார்த்தால் எதிர்மலையில் நிற்பது யாரென்று சொல்வார். ஊசியில் நூல் கோப்பார். ஆகவே கண்ணிற் குறையென்று எவரும் எண்ணவில்லை. எண்ணிய சிலரும், "பூ விழத் தொடங்கியிருக்கும், நன்றாக முற்றட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம்" என்றார்கள். இடையில் ஓர் இலவச முகாமில் கண்ணைக் காட்டியதும் உண்டு. அங்கே உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "நரம்பு நல்லாயிருக்கு, கண்ணாடி மட்டும் போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து விசேட வைத்தியரிடம் கொண்டுபோனபோது இரண்டு கண்களிலும் நரம்பின் பெரும்பகுதி பட்டுப்போயிருந்தது. நோயின் பெயர் குளுக்கோமா. முகாமிற் பார்த்தவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த இடம் சரி. பார்த்த முறையில் ஓர் அளவு குறைந்துவிட்டது. அந்த அளவு எது என்பதை விளக்குவதே நமது நோக்கம்.

இத்தகைய விஷயங்களைத் தமிழிற் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர் இன்றும் உளர். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் நம்மவருக்கு வைத்தியம் கற்பித்தார். 1864 தொடக்கம் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலையும் தமிழில் ஆக்கி வைத்தார். மிஷன் பாடசாலையிற் படித்த நாம் அவர் பெயரை அங்கேதான் முதலிற் கேட்டோம். வேற்றுநாட்டவர் ஒருவர் அன்றே துணிந்த காரியத்துக்கு நாம் இன்று கூசுவது அழகன்று.

முதலில் அந்த வட்டத்தை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு கைகளையும் முன்னே நீட்டிக் கட்டைவிரல்களை ஒன்றோடொன்று சேர்த்து நிமிர்த்துங்கள். இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வலது கண்ணால் இடது கட்டைவிரலையே உற்றுப் பாருங்கள். பார்வையை அசைக்கக் கூடாது. இப்பொழுது வலது கையை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரம் போனதும் வலது கட்டைவிரலின் நுனி மறைந்துவிடும். இன்னும் நகர்த்தினால் மீண்டும் தோன்றும். அதோ, பின்வரிசையிற் சிலர் சிரிப்பது தெரிகிறது. அவர்களுக்கு மறைந்துவிட்டது போலும்!

இதனை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பதினேழாம் நூற்றாண்டிற் பிரான்சில் வாழ்ந்த மரியட் என்னும் அறிஞர். விரல் மறைந்த இடமே குருட்டிடம். விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரில் விரித்த மெல்லிய திரை. ஒளியை உணர்வது அதுவே. அத்திரையெங்குமிருந்து புறப்படும் நரம்பிழைகள் ஓரிடத்திற் கூடிக் கண்ணைவிட்டு வெளியேறி மூளைக்குச் செல்கின்றன. மலையின் நாலாபக்கத்துப் பாதைகளும் கொழுந்து லொறி புறப்படும் சந்தியிற் கூடுவதுபோல என்று கொள்ளுங்கள். கூடும் இடத்தில் ஒளியை உணரும் திரை இல்லை. இழைகள் மட்டுமே உண்டு. ஆகவே அந்த இடத்துக்குப் பார்வை இல்லை. பார்வை முழுவதும் கடந்து செல்லும் வாசலுக்குப் பார்வை இல்லை என்பது விந்தைதான்!

இந்த வாசலை உயிருள்ள மனிதரிடத்தில் நன்றாகக் காண்பதற்கு வழிசெய்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1851ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கண்நோக்கிக் கருவியின் வழித்தோன்றலே இன்றும் வைத்தியரின் சட்டைப்பையில் இருக்கிறது. அதனைக் கண்மணிக்கு நேரே பிடித்துப் பார்த்தால், செம்மஞ்சட் பின்னணியில் இளஞ்சிவப்பான ஒரு வட்டம், சற்று நெட்டாக, பூரணச் சந்திரன்போலத் தெரியும். அதனைப் பார்வை நரம்புத் தட்டு என்று சொல்வோம். தட்டின் நடுவில் வெளிறிய ஒரு பள்ளம் உண்டு, அது குழி. குழியைச் சுற்றியுள்ள இளஞ்சிவப்பான வளையம் விளிம்பு. உளுந்து வடையை மேலிருந்து பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வடையின் மாவுப்பகுதியே விளிம்பு. நரம்பிழைகள் யாவும் அதற்குள்ளேதான் செல்கின்றன. அவற்றின் தொகை ஏறக்குறைய பத்து முதல் பன்னிரண்டு இலட்சம். அடியில் சல்லடைபோன்ற ஒரு தட்டு உண்டு. அதன் கண்கள் வழியே இழைகள் கட்டுக்கட்டாக வெளியே இறங்குகின்றன.

வாசல் என்றால் போவாரும் வருவாரும் உண்டு. இழைகள் வெளியே போகும் அதே வழியாகக் குருதி உள்ளே வருகிறது. விழித்திரையின் மத்திய நாடி, கண்ணுக்குப் பின்னால் சராசரி ஒரு சென்றிமீற்றர் தூரத்திற் பார்வை நரம்பைத் துளைத்துப் புகுந்து, அதன் நடுவழியே வந்து, தட்டிலே தலைகாட்டி, மேலொன்றும் கீழொன்றுமாகப் பிரிந்து, பின்னர் மூக்குப்பக்கமும் கன்னப்பொறிப்பக்கமுமாகக் கிளைக்கிறது. மத்திய நாளம் அதன் அருகாக வெளியேறுகிறது. நாடி ஒளிர்சிவப்பு, நாளம் கருஞ்சிவப்பு. அகலத்தில் நாடி இரண்டு பங்கென்றால் நாளம் மூன்று பங்கு. தட்டின் அருகே பெரிய நாடிக் கிளை ஒன்றின் அகலம் ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கு அளவே இருக்கும். உடலைக் கீறாமல் நரம்பையும் நாடியையும் நாளத்தையும் ஒரே பார்வையிற் காணக்கூடிய இடம் இதுவே. பிரஷரும் சீனி வியாதியும் உள்ளவரின் கண்ணை வைத்தியர் ஏன் உற்றுப் பார்க்கிறார் என்பது இப்பொழுது விளங்கும். சுகதேகிகளிற் பத்தில் எட்டுப் பேருக்கேனும் தட்டின்மீது நாளம் மெல்லத் துடிப்பதைக் காணலாம். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் அத்துடிப்பு நின்று, தட்டும் வீங்கிவிடும்.

ஆனால் தட்டின்மீது கண்ணுக்குத் தெரியும் இந்த நாடியே தட்டு முழுவதையும் ஊட்டுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. அது தட்டின் மேற்பரப்பை மட்டுமே ஊட்டுகிறது. சல்லடைத் தட்டுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் குருதி தருபவை கண்ணின் பின்புறத்தைத் துளைத்து வரும் வேறு சிறு நாடிகள். அவற்றின் கிளைகள் சில கண்களில் நரம்பைச் சுற்றி ஒரு வளையமாகவும் அமைகின்றன. தெரிகிற குழாய் ஒன்று. ஊட்டுகிற குழாய் வேறொன்று.

இந்த உண்மையை நிலைநாட்டியவர்களில் முன்னணியில் நிற்பவர் நமது அண்டை நாட்டவர். பஞ்சாபிலே 1927ஆம் ஆண்டிற் பிறந்த சோகன் சிங் ஹெய்றே, 1950களிற் பட்டியாலா அரசாங்க வைத்தியக் கல்லூரியில் உடற்கூற்றுத் துறையிற் பணியாற்றினார். இறந்தவர்களின் நாடிகளுக்குள் செயற்கை இறப்பர்ப் பாலைச் செலுத்தி, அது இறுகியபின் கண்குழியைக் கீறி, ஒவ்வொரு குழாயும் எங்கே பிறந்து எங்கே முடிகிறது என்று தேடினார். நூற்றுக்கும் மேற்பட்ட கண்குழிகளை இவ்வாறு ஆராய்ந்தார். அவர் கண்டதென்ன? கண்ணுக்குக் குருதி தரும் நாடியின் அமைப்பு எந்த இரண்டு கண்குழியிலும் ஒன்றுபோல இல்லை. ஒரே மனிதரின் வலக்கண்ணுக்கும் இடக்கண்ணுக்கும்கூட ஒன்றுபோல இல்லை. கைரேகை போல அது ஆளுக்கு ஆள் வேறு. பின்புறத்து நாடிகள் ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு ஐந்து. வேறு சிலருக்குப் பின்புறத்து நாடியின் கிளையொன்று தட்டின் ஓரமாக எட்டிப்பார்த்து விழித்திரைக்கே குருதி கொடுப்பதுண்டு. அத்தகையவருக்கு மத்திய நாடி அடைபட்டாலும் நடுப்பார்வை தப்பிவிடலாம். ஹெய்றே பின்னர் இலண்டனிலும் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்திலும் ஆயுள் முழுவதும் இந்தக் கடுகளவு இடத்தையே ஆராய்ந்து, 2022ஆம் ஆண்டிற் காலமானார்.

குழாய்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதுபோலவே தட்டின் பருமனும் வேறுபடுகிறது. நமது பேச்சின் உயிர்நிலை இதுதான். சற்று ஊன்றிக் கேட்க வேண்டுகிறோம். ஜெர்மனியில் யோனாஸ் என்பாரும் தோழரும் நானூறுக்கும் மேற்பட்ட சுகமான கண்களை அளந்து 1988ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மிகச் சிறிய தட்டின் பரப்பு 0.8 சதுர மில்லிமீற்றர். மிகப் பெரியது 5.5 சதுர மில்லிமீற்றர். ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம்! தமிழ்நாட்டில் வேலூர்க் கண் ஆய்விலும் இவ்வாறு அளந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்; அங்கே சராசரி ஏறக்குறைய 2.6 சதுர மில்லிமீற்றர். வளர்ந்த மனிதரில் ஒருவரின் பாதம் இன்னொருவரின் பாதத்தைப்போல ஏழு மடங்காக இருக்கக் கண்டதுண்டா? கண்ணுக்குள்ளே அப்படி இருக்கிறது. இருவருக்கும் பார்வை பழுதின்றி இருக்கிறது.

தட்டு பெரிதானால் குழிக்கு என்ன நேரும்? வீட்டில் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். ஒரு பிடி ஈர்க்கை எடுத்துக் குழந்தையின் வளையலுக்குள் செருகுங்கள். வளையல் நிறைந்துவிடும், நடுவில் இடைவெளி இராது. அதே ஈர்க்குகளைப் பெரியவரின் வளையலுக்குள் ஓரத்தோடு ஒட்ட அடுக்குங்கள். நடுவிலே பெரிய வெற்றிடம் தோன்றும். ஈர்க்கு குறைந்ததா? இல்லை, வளையல் பெரிது, அவ்வளவே. பெரிய தட்டு உள்ளவருக்குப் பிறப்பிலேயே குழியும் பெரிது. சிறிய தட்டு உள்ளவருக்குக் குழி சிறிது, அல்லது குழியே இல்லை. குளுக்கோமாவோ ஈர்க்கை ஒவ்வொன்றாக உருவுகிற நோய். உருவ உருவக் குழி பெரிதாகும். ஆனால் சிறிய வளையலில் நாலிலொரு பங்கு ஈர்க்கை உருவியபின்னும் நடுவில் தோன்றும் இடைவெளி, பெரிய வளையலின் பிறவி இடைவெளியைவிடச் சிறியதாகவே இருக்கும்.

இதனை நாம் பட்டறிந்தது எமது சொந்தப் பிழையினால். வாட்டில் ஒரு நாள் கண்நோக்கியைக் கையிற் கொடுத்து, "என்ன தெரிகிறது?" என்று பேராசிரியர் கேட்டார். நோயாளியின் தட்டில் முக்கால்வாசி குழியாகத் தெரிந்தது. அப்பாயியின் நினைவு வேறு நெஞ்சில் இருந்தது. "சேர், முற்றிய குளுக்கோமா" என்று தயங்காமற் சொன்னோம். அருகே கட்டிலில் இருந்த மனிதரின் முகம் வெளுத்துவிட்டது. பேராசிரியர் தாமும் பார்த்தார். "தம்பி, குழியைப் பார்த்தீர். தட்டைப் பார்த்தீரா?" என்றார். தட்டு மிகப் பெரியது. விளிம்பு சுற்றிவரச் செழிப்பாக, கீழே தடித்தும் மேலே அதற்கடுத்தும் முறைப்படி இருந்தது. அழுத்தம் சரி, பக்கப்பார்வையும் சரி. அந்த மனிதரின் கையைப் பிடித்து, "ஐயா, உங்கள் கண் சுகம், பிள்ளை அவசரப்பட்டுவிட்டார்" என்று பேராசிரியர் சொன்னபோது நாம் நிலத்தைப் பார்த்து நின்றோம். சுகமான கண்ணுக்கு ஆயுள் முழுவதும் மருந்து விட வைத்திருப்போம். மறுபக்கம், அப்பாயியின் தட்டோ சிறியது. முகாமிற் பார்த்தவர் குழி சிறிதென்று கண்டு திருப்தியடைந்தார். சிறிய தட்டில் அந்தச் சிறு குழியும் இருக்கக் கூடாதது என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஒரே பிழை, ஒருமுறை சுகதேகியை நோயாளி ஆக்குகிறது, ஒருமுறை நோயாளியைச் சுகதேகி ஆக்குகிறது.

தட்டின் அளவைக் காண விலையுயர்ந்த யந்திரம் வேண்டுமே என்று சிலர் எண்ணலாம். ஒளிக்கதிரால் நரம்பிழைப் படையைப் படமெடுத்து அளக்கும் யந்திரங்கள் இன்று உண்டு. பெரிய இடங்களில் அவை உதவுகின்றன. ஆனால் கைக்கண்நோக்கிகள் சிலவற்றிலுள்ள சிறிய ஒளிவட்டம் விழித்திரையில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் அகலமாக விழும். அந்த வட்டத்தைத் தட்டின் பக்கத்தில் விழுத்தி, தட்டு அதனிலும் சிறிதா பெரிதா என்று பார்த்தாலே ஒரு கணக்குக் கிடைத்துவிடும். பார்க்க வேண்டும் என்ற எண்ணமே முதலில் வேண்டியது.

இங்கே குருதிக் குழாய்களும் சாட்சி சொல்ல வருகின்றன. மாரிமழையில் மேட்டின் மண் அரித்துப்போனால், மண்ணுக்குள் கிடந்த பீலிக் குழாய் அந்தரத்திற் தொங்குவதை நம் மலைகளிற் கண்டிருப்பீர்கள். அதுபோலவே விளிம்பு அரிபட்டுப்போனால், அதன்மேற் சாய்ந்து கிடந்த நாடியும் நாளமும் ஆதாரமின்றித் தனித்துத் தெரியும். குழியின் ஓரத்தில் சட்டென்று முறிந்து வளையும். தண்டுகள் மூக்குப்பக்கம் ஒதுங்கும். சில வேளை தட்டின் ஓரத்தில் தீச்சுடர் போன்ற சிறு குருதிக்கசிவும் காணப்படும். நோய் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை. ஆனால் குழாய்களும் ஆளுக்கு ஆள் வேறாயிற்றே! இன்று வளைந்திருக்கும் குழாய் பிறவியிலேயே வளைந்ததா, இடையில் வளைந்ததா? அதைச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அதே கண்ணின் பழைய படம். தட்டின் அளவு வளர்ந்தவரிற் பெரும்பாலும் மாறுவதில்லை. மாறுவது குழியும் விளிம்பும் குழாயின் போக்குமே. ஆகையால் ஒரு கண்ணை ஊராரின் சராசரியோடு ஒப்பிடுவதைவிட, அந்தக் கண்ணின் நேற்றைய நிலையோடு ஒப்பிடுவதே சிறந்த நீதி. அதற்கு, கண் சுகமாக இருக்கும்போதே ஒருமுறை பார்த்து எழுதி வைத்திருக்க வேண்டும்.

சுகமாக இருக்கும்போது யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று பெரியவர்கள் கேட்பது நியாயம். குளுக்கோமாவின் சூழ்ச்சியும் அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது வலிப்பதில்லை, சிவப்பதில்லை. முதலிற் பக்கப்பார்வையைத் தின்கிறது; நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கிராமங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஐயாயிரத்துச் சொச்சம் பேரைப் பரிசோதித்து 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். குளுக்கோமா இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் அன்றுவரை தமக்கு அந்நோய் உண்டென்றே அறியாதிருந்தார்கள். ஊவாவின் தோட்டங்களில் வாழும் நம்முட் பலரின் மூதாதையர் கப்பலேறியது அந்தச் சீமையிலிருந்துதான். அங்கே மறைந்திருந்தது இங்கேயும் மறைந்திருக்கும் என்று அஞ்ச இடமுண்டு.

இன்னொன்றும் நினைவிற் கொள்ள வேண்டும். நமது நாடு உலகத்துக்கே கண் கொடுத்த நாடு. டொக்டர் ஹட்சன் சில்வா முன்னின்று 1961ஆம் ஆண்டில் நிறுவிய கண் தானச் சங்கம், 1964இல் சிங்கப்பூருக்குக் கருவிழிகளை அனுப்பியது முதல் பல நாடுகளுக்கு ஒளி தந்திருக்கிறது. கண்ணப்பர் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் பெருமை தெரியும். ஆனால் தானம் கொடுக்கக் கூடியது கண்ணின் முன்னாலுள்ள கருவிழியை மட்டுமே. பூ விழுந்தால் வில்லையை மாற்றலாம். கருவிழி மங்கினால் இன்னொருவருடையதைப் பொருத்தலாம். பட்டுப்போன பார்வை நரம்பை மாற்ற இன்றுவரை வழியில்லை. இருப்பதைக் காப்பதற்கு மட்டும் வழியுண்டு. நாள்தோறும் தவறாமல் சொட்டு மருந்து விட்டு அழுத்தத்தைத் தாழ்த்தினால், பெரும்பாலோருக்கு எஞ்சிய பார்வையை ஆயுள்வரை காக்கலாம்.

செய்யவேண்டியது என்ன? வாலிப உறுப்பினர்களுக்கு முதலிற் சொல்வோம். உங்கள் லயத்தில், உங்கள் தெருவில், நாற்பது கடந்தவர்களின் பெயரை ஒரு கொப்பியில் எழுதுங்கள். தாய் தந்தையருக்கோ உடன்பிறந்தாருக்கோ குளுக்கோமா உள்ளவர்களின் பெயரை முதலில் எழுதுங்கள். அவர்களுக்கு ஆபத்து அதிகம். அடிக்கடி பக்கத்தில் இடித்துக்கொள்பவர், படியிறங்கத் தடுமாறுபவர் பெயரையும் சேருங்கள். பிறகு ஒவ்வொருவராகப் பதுளை ஆஸ்பத்திரிக் கண் பகுதிக்குக் கூட்டிச் செல்லுங்கள். மடுல்சீமையிலிருந்தும் நமுனுகுலையிலிருந்தும் வரும் ஒருவருக்கு அது ஒரு நாள் வேலை. பேர் போய்விடுமே என்ற கவலையில்தான் நம் தாய்மார் வருவதில்லை. அரைப்பேருக்கு அஞ்சி முழுப்பார்வையை இழந்தவர்களை நாம் அறிவோம். கடைகளில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விடும் சிலவகைச் சொட்டு மருந்துகள் கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணைக் காட்டும்போது, "பூ இருக்கா, ஐயா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "நரம்புத் தட்டு சிறிசா, பெரிசா? குழி எவ்வளவு? போனமுறைக்கு இந்தமுறை மாறியிருக்கா?" என்றும் கேளுங்கள். எந்த வைத்தியரும் கோபிக்க மாட்டார். கேட்பவரைக் கண்டு மகிழவே செய்வார். அவர் கார்டில் வரையும் இரண்டு சிறு வட்டங்களை அடையாள அட்டையைப் போலப் பத்திரப்படுத்துங்கள்.

நிற்க. ஊருக்கு உபதேசம் செய்யும் நாம் நம் வீட்டில் என்ன செய்தோம் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அப்பாயியின் மகன், நமது தந்தையார், ஐம்பது வயது கடந்தவர். சென்ற மாதம்வரை அவரும் கண்ணைக் காட்டியதில்லை. "எனக்கென்ன, நல்லாத்தான் தெரியுது" என்பதே அவர் பதில். ஒரு நாள் அப்பாயி வாசற்படியில் இருந்தபடியே, "எனக்கும் நல்லாத்தான்டா தெரிஞ்சுச்சு" என்றார். தந்தையார் அதற்குமேற் பேசவில்லை. மறுநாட் காலை முதல் பஸ்ஸில் நம்மோடு பதுளைக்கு வந்தார். தட்டு தாயாருடையதைப் போலவே சிறியது. விளிம்பு இன்னும் நிறைவாக இருக்கிறது. வருடந்தோறும் வரவேண்டும் என்று எழுதி, இரண்டு வட்டங்களை வரைந்து கொடுத்தார்கள். அந்தக் கார்ட் இப்பொழுது வீட்டுத் தகரப்பெட்டியில், பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடு இருக்கிறது.

செயலாளர் அவர்கள் போட்ட நிபந்தனை இவ்வளவில் ஒரு வீட்டில் நிறைவேறியிருக்கிறது. மற்ற வீடுகளை உங்களிடம் ஒப்படைக்கிறோம்.